இருபது வருட ஞாபகத்தை நம்பி ஹேவ்லாக் போனேன்

2016 டிசம்பர் முதல் வாரத்தில் அந்தமானில் மழையும் காற்றும் பிடித்துக்கொண்டு, ஹேவ்லாக், நீல் இரண்டு தீவுகளிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் கரையேற வழியில்லாமல் கிடந்தார்கள். நம் ஊரில் அந்தச் செய்தி பலர் கண்ணில் பட்டிருக்காது. ஜெயலலிதா இறந்த வாரம் அது. அப்படிக் கிடந்தவர்களில் நானும் ஒருத்தி. ஐம்பதை நெருங்கும் வயதில், தனியாக, முதல் முறையாகத் துணையில்லாமல் கிளம்பிய பயணம். மூன்று நாள் அதிகமாக மாட்டிக்கொண்டேன், 28,000 ரூபாய் போயிற்று, இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்து ஒரு நாள் முழுக்கப் பயந்துகொண்டிருந்தேன். போன வாரம் அலுவலகத்தில் ஒரு பெண் அதே டிசம்பர் மாதத்துக்கு, அதே மாதிரி நாள் கணக்கு வைத்து டிக்கெட் போட்டிருப்பதாகச் சொன்னாள். அவளிடம் வாயால் சொன்னதை எழுதியும் வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஹேவ்லாக்குக்கு இப்போது ஸ்வராஜ் த்வீப் என்று பெயர், 2018 டிசம்பரில் மாற்றினார்கள். போர்ட் பிளேரும் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. எனக்கு வாயில் வருவது பழைய பெயர்கள்தான், அப்படியே எழுதுகிறேன்.

முதலில் 1996ஐச் சொல்லவேண்டும். அது இல்லாமல் நான் ஏன் அப்படித் திட்டம் போட்டேன் என்பது புரியாது. அப்போது அண்ணனுக்கு போர்ட் பிளேரில் பொதுப்பணித் துறை வேலை. ஜனவரி கடைசியில் அம்மாவும் நானும் அவனைப் பார்க்கப் போனோம். விமானம் எல்லாம் எங்கள் வீட்டில் பேச்சிலேயே இல்லை. ராஜாஜி சாலை ஷிப்பிங் கார்ப்பரேஷன் அலுவலகத்தில் வரிசையில் நின்று, நன்கௌரி கப்பலில் பங்க் வகுப்பு, அதாவது அடுக்குப் படுக்கை, டிக்கெட் வாங்கினோம். சுமார் 60 மணி நேரப் பயணம். முதல் நாள் முழுக்க நான் வாந்தி எடுத்துக்கொண்டு சுருண்டு கிடந்தேன். அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. புளிச்சோற்றுத் தூக்கையும் ஊறுகாய் பாட்டிலையும் படுக்கைக்கு அடியில் பத்திரப்படுத்திவிட்டு மேல்தளத்துக்குப் போய்விடுவாள். பறக்கும் மீன்களைப் பார்த்தேன் என்று வந்து சொல்வாள். அதுவரை அம்மா பார்த்த பெரிய தண்ணீர் திருச்செந்தூர்க் கடல்தான்.

போர்ட் பிளேரில் நாலு நாள் இருந்துவிட்டு, அண்ணன் எங்களை ஹேவ்லாக் கூட்டிப் போனான். ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்து அரசுப் படகு. படகு நிறைய அரிசி மூட்டை, மண்ணெண்ணெய்ப் பீப்பாய், கால் கட்டிய கோழிகள், ஒரு புது சைக்கிள். பாதி நாள் போல ஆனது. தீவின் துறையில் இறங்கியபோது எங்களைத் தவிர வெளியாட்கள் என்று பார்த்தால் முதுகில் பெரிய பை மாட்டிய இரண்டு வெள்ளைக்காரப் பையன்கள் மட்டும். துறையிலிருந்து ராதாநகர் 12 கிலோமீட்டர். ஒரு ஜீப் கிடைத்தது, அதுவும் அரிசி ஏற்றிக்கொண்டு போகிற ஜீப்.

ராதாநகரில் அண்ணனுக்குத் தெரிந்த ஒரு வங்காளி வீட்டில் தங்கினோம். தகரக் கூரை, மண் பூசிய தரை, வீட்டைச் சுற்றிப் பாக்கும் தென்னையும். ஹேவ்லாக்கில் இருப்பவர்கள் பெரும்பாலும் கிழக்கு வங்காளத்திலிருந்து பிரிவினைக்குப் பிறகு அகதிகளாக வந்தவர்கள். ஐம்பதுகளில் அரசாங்கம் கப்பலில் கொண்டுவந்து நிலம் கொடுத்துக் குடியேற்றியது. கோவிந்த நகர், விஜய நகர், ஷ்யாம் நகர், கிருஷ்ண நகர், ராதா நகர் என்று ஊர்களுக்குக் கண்ணன் பெயராகவே வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டுப் பாட்டி, சிறுமியாக இருக்கும்போது காட்டை வெட்டி வயலாக்கியதைப் பார்த்தவர். அவர் பேசுவது வங்காளம், அம்மாவுக்குத் தமிழ் தவிர எதுவும் தெரியாது. அண்ணன் இரண்டு நாள் இந்தியில் நடுவே நின்று மொழிபெயர்த்துவிட்டு, அலுத்துப்போய் மீன் பிடிக்கப் போய்விட்டான்.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. பாட்டி அடுப்படியில் உட்கார்ந்து காலால் மிதித்துக்கொண்டு மீன் அரிந்துகொண்டிருந்தார். அது அச்சு அசல் நம் அரிவாள்மணை. அதற்கு வங்காளத்தில் போட்டி என்று பெயர். பலகை மட்டும் குறுகல், அலகு இன்னும் செங்குத்தாக நிமிர்ந்து இருந்தது. அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு பாட்டியின் கையிலிருந்து மீனை வாங்கி, நகரச் சொல்லிக் கை காட்டிவிட்டு, தானே உட்கார்ந்து செதில் எடுத்துத் துண்டு போட ஆரம்பித்தாள். பாட்டி ஒரு துண்டை எடுத்துப் பார்த்து, இன்னும் தடிமனாக என்று விரலால் காட்டினார். அம்மா இல்லை, இது போதும் என்று தலையாட்டினாள். அன்றிலிருந்து இரண்டு பேரும் பிரியவே இல்லை. அம்மா தமிழில் பேசுவாள், அவர் வங்காளத்தில் பதில் சொல்வார், இருவருக்கும் எல்லாம் புரிந்தது. கடுகு அரைத்த மீன் குழம்பு, காலையில் அவல், தேங்காய். இரவு மண்ணெண்ணெய் விளக்கு. எட்டு மணிக்குத் தீவே தூங்கிவிடும்.

கடற்கரைக்கு வீட்டிலிருந்து நடந்து போய்விடலாம். ஓங்கி வளர்ந்த மரங்களுக்குள் புகுந்து போகவேண்டும். அங்கே அவற்றை மோவா என்கிறார்கள், நம் இலுப்பைக்குத் தூரத்து உறவு. மர நிழல் முடிகிற இடத்தில் சட்டென்று வெள்ளை மணல். எவ்வளவு தூரம் பார்த்தாலும் நண்டு போன தடம் மட்டுமே இருக்கும். சாயங்காலம் மாட்டை ஓட்டிக்கொண்டு ஒரு பையன் கரையோரமாகப் போவான், அவ்வளவுதான் ஜன நடமாட்டம். அம்மா புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, தண்ணீரில் நின்றபடி சூரியன் இறங்கும்வரை பார்த்தாள். நம் பக்கத்தில் கடலிலிருந்து சூரியன் வரும், இங்கே கடலுக்குள் போகிறதே என்று அவளுக்கு அதில் அப்படி ஓர் ஆச்சரியம். உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளைச் சிப்பியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். 2015இல் இறக்கும் வரை கோலப்பொடி டப்பாவில் அதைத்தான் கரண்டியாகப் போட்டு வைத்திருந்தாள்.

ஐந்து நாள் என்று போனவர்கள் ஏழு நாள் இருந்தோம். கடல் கொஞ்சம் கொந்தளிப்பாக இருக்கிறது என்று படகு இரண்டு நாள் வரவில்லை. அண்ணன் துறைவரை போய்க் கேட்டுவிட்டு வந்து, இன்றைக்கும் இல்லை என்பான். அம்மா, சரி, நாளைக்குப் போகலாம் என்பாள். பாட்டி பேரனை அனுப்பி இன்னும் நாலு மீன் வாங்கிவரச் சொல்வார். சென்னைக்குக் கப்பல் எட்டு நாள் கழித்துத்தான். எங்களுக்கு அது தாமதமாகவே தோன்றவில்லை. இதைக் குறிப்பாகச் சொல்கிறேன், ஏனென்றால் 2016இல் எனக்கு நடந்ததும் இதேதான். கடல் கொந்தளித்தது, படகு வரவில்லை. அவ்வளவுதான் வித்தியாசமில்லாமல் நடந்தது, மற்ற எல்லாம் வேறு.

இடையில் அந்தத் தீவுக்கு என்ன ஆயிற்று என்பது எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். அண்ணன் மாற்றலாகி ஊருக்கு வந்துவிட்டான். 2004இல் டைம் பத்திரிகை ராதாநகரை ஆசியாவிலேயே சிறந்த கடற்கரை என்று எழுதியது. அதே வருடக் கடைசியில் சுனாமி. நிக்கோபாரும் லிட்டில் அந்தமானும் அழிந்த அளவுக்கு ஹேவ்லாக்குக்குச் சேதம் இல்லை. பிறகு மலிவு விமானங்கள், அரசு ஊழியர்களுக்கு எல்.டி.சி. என்ற விடுப்புப் பயணச் சலுகை, ஏசி போட்ட தனியார் படகுகள், தேனிலவுப் பேக்கேஜ். இதெல்லாம் செய்தியாகத் தெரிந்திருந்தும், மனசுக்குள் நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்தத் தகரக் கூரை வீட்டைத்தான்.

அம்மா இறந்து ஒரு வருடம் முடிந்ததும் போகவேண்டும் என்று தோன்றியது. அந்தச் சிப்பியை எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டு வரவேண்டும் என்றும் ஓர் ஆசை. டிசம்பர் 3 சனிக்கிழமை சென்னையிலிருந்து விமானம். 4ஆம் தேதி காலை படகில் ஹேவ்லாக். அங்கே இரண்டு இரவு. 6ஆம் தேதி மாலை படகில் திரும்பி, 7ஆம் தேதி காலை விமானத்தில் சென்னை. கையில் இருந்த விடுப்புக்கு அச்சாகப் பொருந்தியது. பார்த்தவுடன் நல்ல திட்டமாகத்தான் தெரியும். அதில் மூன்று ஓட்டை இருந்தது.

முதல் ஓட்டை மாதம். நாங்கள் முன்பு போனது ஜனவரி கடைசி. அந்தமானுக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் பிறக்கிற காலம், பல புயல்களுக்கு அந்தமான் கடல்தான் தொட்டில். என் ஞாபகத்தில் இருந்த வெயிலும் கண்ணாடித் தண்ணீரும் ஜனவரியுடையவை. ஜனவரியிலிருந்து ஏப்ரலுக்குள் போகிறவர்களுக்குத்தான் அவை பெரும்பாலும் கிடைக்கும். டிசம்பர் முதல் பாதியில்தான் விடுப்பு கிடைக்கிறது என்றால் போகலாம், ஆனால் திரும்பும் தேதியில் இறுக்கம் கூடாது.

இரண்டாவது ஓட்டை, தீவிலிருந்து திரும்பிய மறுநாள் காலையே விமானம். படகு ஓடாததால் விமானத்தைத் தவறவிட்டால் விமானக் கம்பெனிக்கு அது பொருட்டில்லை. விமானம் பறந்தது, நீங்கள் வரவில்லை, அவ்வளவுதான். படகு டிக்கெட் காசு திரும்பக் கிடைக்கும், விமானக் காசு கிடைக்காது. எனக்கு 7,200 ரூபாய் அப்படித்தான் போயிற்று. இதற்கு வழி சுலபம், செலவும் இல்லை. போர்ட் பிளேரில் பார்க்கவேண்டியதை, செல்லுலார் சிறை, சாத்தம் மரவாடி, ராஸ் தீவு எல்லாவற்றையும், கடைசி இரண்டு நாளுக்குத் தள்ளிவிடுங்கள். இறங்கியதும் முதலில் வெளித் தீவுகளுக்குப் போய்விடுங்கள். படகு ஒரு நாள் நின்றாலும் இழப்பது ஒரு நாள் சுற்றிப் பார்ப்பதைத்தான், விமானத்தை அல்ல. நான் அப்படிக் கடைசியில் இரண்டு நாள் ஒதுக்கவே இல்லை.

மூன்றாவது ஓட்டை பணம். நவம்பர் 8ஆம் தேதி 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. வங்கியில் வரிசையில் நின்று எடுத்த 12,000 ரூபாய் கையில் இருந்தது. ஐந்து 2,000 ரூபாய் நோட்டு, மீதி நூறுகள். கார்டு இருக்கிறதே என்ற தைரியம் வேறு.

4ஆம் தேதி மதியம் ஹேவ்லாக்கில் இறங்கினேன். மாலை ஆட்டோ பிடித்து ராதாநகர் போனேன். மோவா மரங்கள் அப்படியே நின்றன, அதுவரை சரி. அவற்றுக்கு அடியில் வண்டிகள் நிறுத்தும் இடம், இளநீர்க் கடைகள், உடை மாற்றும் அறைகள், விசில் ஊதிக்கொண்டு காவலர்கள். சூரியன் இறங்கும் நேரத்தில் கரை முழுக்கக் கைப்பேசிகள் உயர்ந்து நின்றன. நாங்கள் தங்கிய வீடு எங்கே இருந்தது என்று தேடிப் பார்த்தேன். திருப்பம் எது என்றே பிடிபடவில்லை. கடைக்காரர் ஒருவரிடம் பாட்டியின் அடையாளம் சொல்லிக் கேட்டேன். பெயர் தெரியாமல் எப்படிச் சொல்வது என்றார். உண்மைதான். ஏழு நாள் சாப்பிட்ட வீட்டின் பாட்டி பெயரை நானும் அம்மாவும் கேட்டே வைத்துக்கொள்ளவில்லை. அங்கே ஓரமாக உட்கார்ந்து அழுதேன். அந்தக் கூட்டத்தில் சிப்பியை வைக்க மனம் வரவில்லை. நாளை விடியலில் யாரும் இல்லாதபோது வரலாம் என்று திரும்பினேன்.

விடிந்தபோது மழை. அங்கே மழை என்றால் நம் ஐப்பசி அடைமழையை இரண்டு பங்காக்கிக்கொள்ளவேண்டும். தென்னை மட்டைகள் கழன்று விழுந்தபடி இருந்தன. 5ஆம் தேதி முழுக்க அறைக்குள். 6ஆம் தேதி காலை படகு இல்லை என்று விடுதிக்காரர் சொன்னார். துறைக்குப் போய்ப் பார்த்தால் முந்நூறு நானூறு பேர் பெட்டிகளுடன் நனைந்துகொண்டு நிற்கிறார்கள். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. என் கைப்பேசியில் சிக்னல் அடியோடு இல்லை.

அங்கேதான் ஒரு டீக்கடையில் தமிழ்க் குரல் கேட்டது. கடைக்காரர் ராமநாதபுரம் பக்கம், போர்ட் பிளேரில் வளர்ந்தவர். நான் பேசியதும், தெரியுமாக்கா, அம்மா போயிட்டாங்க, ராத்திரி பதினொன்றரைக்கு என்றார். அந்த ஒரு நொடி என் அம்மாவைத்தான் சொல்கிறார் என்று உடம்பு குளிர்ந்துவிட்டது. பிறகுதான் புரிந்தது. சென்னை எப்படி இருக்கிறதோ, வீட்டில் தனியாக இருக்கும் மகள் என்ன செய்கிறாளோ என்று பதறினேன். அவள் அங்கே, புயல் சின்னம் அந்தமானில் என்று டிவியில் பார்த்துவிட்டு எனக்காகப் பதறிக்கொண்டிருந்திருக்கிறாள். இரண்டு நாள் இருவருக்கும் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அந்த டீக்கடைக்காரர் பி.எஸ்.என்.எல். போனில் எப்படியோ லைன் பிடித்துக் கொடுத்தபோது எனக்கு மகளின் எண் மனப்பாடமாகத் தெரியவில்லை, என் கைப்பேசியும் சார்ஜ் இல்லாமல் அணைந்திருந்தது. முக்கியமான நாலு எண்களைத் தாளில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் போட்ட பிறகு இப்போது அங்கே இணையம் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். இருந்தாலும் மின்சாரம் போனால் கைப்பேசி செங்கல்தான்.

அன்று மாலை விடுதியில், அறையைத் தொடர்வதென்றால் 4,000 ரூபாய், ரொக்கமாக வேண்டும் என்றார்கள். நான் முன்பணம் கட்டியது 3,400 கணக்கில். கார்டு மெஷின் வேலை செய்யவில்லை. அடுத்து வரவேண்டியவர்களும் கடலுக்கு அந்தப் பக்கம் மாட்டியிருந்தார்கள், அறை காலியாகத்தான் கிடந்திருக்கும். இரண்டு நோட்டைக் கொடுத்தேன். மிச்சம் மூன்று 2,000 நோட்டுகளும் சில நூறுகளும். எத்தனை நாள் என்று தெரியாத நிலையில் அந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. சாப்பாட்டுக் கடையில் 2,000 ரூபாய் நோட்டை நீட்டினால் சில்லறை இல்லை என்று திருப்பிவிடுகிறார்கள். பணம் இருந்தும் பிஸ்கட் பாக்கெட்டோடு ஒரு வேளை கழிந்தது. இன்றைக்கு நிலைமை வேறுதான், ஆனால் தீவுக்குப் போகிறவர்கள் திட்டமிட்டதைவிட நாலு நாளுக்குத் தாங்கும் ரொக்கத்தைச் சின்ன நோட்டுகளாகத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். ஏ.டி.எம். இருக்கிறது என்பதை நம்பாதீர்கள், கேபிளும் கரண்டும் போனால் அதுவும் வெறும் பெட்டி.

7ஆம் தேதி, என் விமானம் நானில்லாமல் போன காலையில், டீக்கடைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன், இன்னொரு இரவுக்கு 4,000 கொடுக்க முடியாது என்று. முதல் நாளே கேட்டிருக்கவேண்டும். கௌரவம் தடுத்தது. அவர் கடைப்பையனை அனுப்பி, பஜாருக்குப் பின்னால் ஒரு வங்காளி வீட்டில் இடம் பிடித்துக் கொடுத்தார். வீட்டுக்காரப் பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். தீதி, பைட்டியே, அதாவது அக்கா, உட்காருங்கள் என்று பாயைக் காட்டினார். அவர் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். மூத்த பெண் போர்ட் பிளேரில் நர்சிங் படிக்கிறாள். சுற்றுலா வந்ததால்தான் அந்தப் படிப்பு என்று அவரே சொன்னார். எங்கள் காலத்தில் பிரசவம் என்றால் படகு வரும்வரை காத்திருக்க வேண்டும், வராவிட்டால் பிழைப்பது கடவுள் செயல் என்றார். 1996இல் நான் விளக்கு வெளிச்சத்தில் ரசித்த அந்த அமைதியின் உள்ளே அதுவும் இருந்திருக்கிறது. எனக்கு அப்போது தெரியவில்லை. பழைய ஹேவ்லாக் திரும்ப வேண்டும் என்று அதற்கப்புறம் நான் யாரிடமும் சொன்னதில்லை. குப்பை போடாமல் இருங்கள், பவளப் பாறைமேல் ஏறி நிற்காதீர்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

மறுநாள் அவர் பூசணிக்காய் அரிய உட்கார்ந்தார். அதே மாதிரி அரிவாள்மணை. நான் வாங்கி அரிந்தேன். எனக்குக் காலால் மிதித்து அரிந்து பழக்கமில்லை, வீட்டில் கத்திதான். துண்டுகள் கோணல் மாணலாக வந்தன. அவர் ஒன்றும் சொல்லாமல் எல்லாவற்றையும் அள்ளி எண்ணெயில் போட்டார். கருஞ்சீரகம் வெடித்த வாசனை இப்போதும் மூக்கில் இருக்கிறது.

அன்றுதான் மாத்திரை தீர்ந்திருந்தது. ஐந்து நாள் பயணத்துக்கு ஐந்து மாத்திரை எண்ணி எடுத்துப் போனவள் நான். பின்மண்டை கனத்தது, அது அழுத்தமா பயமா என்று பிரிக்கத் தெரியவில்லை. ஆட்டோக்காரர் மழையிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனார். மருத்துவர் அளந்து பார்த்து 160க்கு 100 என்றார், மூன்று நாளுக்கு அம்லோடிபின் கொடுத்தார், காசு வாங்கவில்லை. பெயர் தெரிந்ததால்தான் உடனே கிடைத்தது. வெள்ளை நிறத்தில் சின்னதாக இருக்கும் என்று சொன்னால் எந்த மருத்துவரும் என்ன செய்வார்? மாத்திரையை ஒரு வாரத்துக்குக் கூடுதலாக எடுங்கள், மருத்துவச் சீட்டைப் படம் எடுத்து வைப்பதோடு ஒரு நகலும் பையில் போடுங்கள்.

இன்னொன்று. துறையிலும் காவல் சாவடியிலும் மாட்டிக்கொண்டவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார்கள். முதல் நாளே எழுதிவிட்டுப் போனவர்கள் இருந்தார்கள். நானோ கூட்டத்தைப் பார்த்துவிட்டு, படகு வந்தால் தெரியாமலா போகும் என்று அறைக்குத் திரும்பிவிட்டேன். 8ஆம் தேதிதான் எழுதினேன். நோயாளிகள், முதியவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், பிறகு பட்டியல்படி என்று சொன்னார்கள். அழுத்தம் பார்த்த சீட்டைக் காட்டியதால் எனக்குச் சீக்கிரம் இடம் கிடைத்தது. தனியாக வந்திருக்கிறேன், உடம்புக்கு இது இருக்கிறது என்று வெட்கப்படாமல் வாய் திறந்து சொல்லவேண்டும். குடும்பமாக வந்தவர்களுக்குப் பேச நாலு பேர் இருப்பார்கள். தனியாகப் போனவருக்கு அவர் வாய்தான் துணை.

9ஆம் தேதி காற்று தணிந்தது. கடற்படை, கடலோரக் காவல்படைக் கப்பல்கள் வந்தன. கிளம்பும்போது அந்தப் பெண்ணின் கையில் ஒரு 2,000 ரூபாய் நோட்டை வைத்தேன். திருப்பி என் பையிலேயே போட்டார். மீன் வாங்கிய காசு என்று கெஞ்சியதும் இரண்டு நூறு ரூபாய் மட்டும் எடுத்துக்கொண்டார். இந்த முறை பெயரைக் கேட்டு, விலாசத்தோடு எழுதி வாங்கிக்கொண்டேன். கப்பலில் நிற்க மட்டும் இடம். ஏறி இறங்கும் அலையில் என்னைச் சுற்றி எல்லோரும் வாந்தி எடுத்தார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மாவை நினைத்துக்கொண்டேன்.

போர்ட் பிளேரில் இரண்டு இரவு விடுதிக்கு 3,000 ரூபாய். 11ஆம் தேதிக்குத்தான் இடம் கிடைத்தது, அந்த டிக்கெட் 13,800. தவறவிட்ட 7,200, விடுதிக்குக் கூடுதலாகக் கொடுத்த 4,000 சேர்த்துத்தான் அந்த 28,000. பயணக் காப்பீடு எடுத்திருந்தேன், ஆனால் விமானத் தாமதத்துக்கும் பெட்டி தொலைவதற்கும் மட்டும். வானிலையால் வந்து சேர முடியாமல் விமானத்தைத் தவறவிட்டால் என்ன என்ற வரி அதில் இல்லை. வாங்குமுன் அந்த ஒரு வரியைத் தேடிப் படியுங்கள். விமான நிலையத்தில் ஒரு விஷயம் என்னைப் பதற வைத்தது. பெட்டியில் சிப்பி, பவளம் ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். கரையில் கிடப்பதை எடுத்து வருவதற்கு அங்கே தடை. ஊரிலிருந்து கொண்டுபோன சிப்பி என்று விளக்கிப் பார்த்தேன். கோலப்பொடி அதன் உள்மடிப்பில் இன்னும் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு அந்த அதிகாரி போகச் சொன்னார்.

மறுநாள் டிசம்பர் 12. எங்களைத் தீவில் பிடித்து வைத்த அதே காற்றழுத்தத் தாழ்வுதான் வர்தா புயலாகி சென்னையில் வந்து ஏறியது. எங்கள் தெருவில் ஐந்து மரங்கள் விழுந்தன, விமான நிலையத்தை மூடினார்கள். ஒரு நாள் தாமதித்திருந்தால் போர்ட் பிளேரிலேயே இன்னும் எத்தனை நாளோ. மின்சாரம் இல்லாத அந்த இரவில் மகளுக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன்.

சிப்பி பழையபடி கோலப்பொடி டப்பாவில்தான் இருக்கிறது. அடுத்த ஜனவரிக்கு அண்ணனிடம் பேசியிருக்கிறேன். ஓய்வு பெற்றுவிட்டான், வருகிறேன் என்கிறான். கப்பலில்தான் போகவேண்டும், பதினைந்து நாளாவது வேண்டும் என்பது அவன் நிபந்தனை. அலுவலகத்தில் விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.